ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்

இலங்கைச் சுகாதார அமைச்சின் செயலாளருக்கும், மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் சுகாதாரச் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

போன மாதம் என் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் வெள்ளைச் சீருடையோடு ஒரு பிள்ளை நின்றது. பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு கையில் அப்பாவின் கிளினிக் கொப்பி, மறுகையில் அப்பாவின் கை. அன்று பள்ளிக்கூட நாள். முறை வந்தது. வைத்தியர் சிங்களத்தில் ஏதோ கேட்டார், பிள்ளை அப்பாவிடம் தமிழில் கேட்டது. அப்பா தரையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. பிறகு வைத்தியரிடம் மூன்றே மூன்று சொல் சொன்னது.

அப்பா என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த நீளமான பேச்சுக்கும் அந்த மூன்று சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு கொட்டிப்போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவள் நான்.

1975ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம். அந்தப் பிள்ளைகளோடு ஆற்றில் குளித்து, விளையாடி, கடைக்குப் போய்வந்து எனக்குச் சிங்களம் நன்றாகப் பழகியிருந்தது. அம்மாவுக்கு விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களம், பிறகு கொழுந்து பறிக்கும் மலை, பொழுதுபட்டால் அடுப்படி. சிங்களம் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். அதையும் விட்டுவிட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார் என்றால் அவருக்கு எவ்வளவு முடியாமல் இருந்திருக்க வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது.

வரிசையில் நிற்கும்போது அம்மா என் காதருகே குனிந்தார். "தீட்டு நிக்க மாட்டேங்குது கண்ணு. மூணு வாரமாப் படுது. துணி மாத்தி மாளல. எப்புடியாச்சும் சொல்லிரு" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இளம் வயது ஆண் வைத்தியர். "மொக்கத அமாருவ?" என்று கேட்டார். தீட்டுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. ஆற்றங்கரையில் என்னோடு விளையாடிய பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. தமிழிலேகூட ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால் அதைச் சொல்ல நா எழாத வயது. "பட ரிதெனவா" என்றேன். வயிறு வலிக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். வைத்தியர் வயிற்றுவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா என்னைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன்.

இப்படி மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் அதே வயிற்றுவலிதான் சொன்னேன். நாலாவது தடவை நடந்து போகவில்லை. கொழுந்துக் கூடையோடு மலையில் சரிந்து விழுந்த அம்மாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் ஏற்றிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த வைத்தியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காதுக்கு எட்டியது வயிற்றுவலி மட்டும்தான். அம்மாவும் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அம்மாவுக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லை. எங்கள் மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் பறிக்கப்பட்டதை 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் படிப்படியாகத் திருப்பித் தந்தன. மொழி உரிமையும் ஏட்டில் வந்துவிட்டது. 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. அடுத்த ஆண்டு வந்த 16ஆம் திருத்தம், நாட்டின் எந்த இடத்திலும் ஒரு தமிழ்க் குடிமகன் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு தன் அலுவலைப் பார்க்கலாம் என்று 22ஆம் உறுப்புரையில் எழுதிவைத்தது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தவை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் மலையகத் தமிழர்கள். ஒரு தாய் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று வைத்தியரிடம் சொல்வதைவிடப் பெரிய அலுவல் அவளுக்கு வேறென்ன இருக்க முடியும்? இவ்வளவு வந்த பிறகும் போன மாதம் அந்தப் பிள்ளை அங்கே நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "தோட்டத்து ஆட்களுக்கு இப்போது சிங்களம் தெரியும்தானே டீச்சர்?" தெரியும். சந்தையில் பேசுகிற அளவுக்குத் தெரியும். வெங்காயம் என்ன விலை, பஸ் எத்தனை மணிக்கு, கொப்பி எங்கே கிடைக்கும், இதெல்லாம் கேட்பார்கள். வலியைச் சொல்ல அந்தச் சிங்களம் போதாது. வலிக்கு எங்கள் வாயில் எத்தனை சொல் இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, சுள்ளுங்குது, விண்ணுவிண்ணுங்குது, இழுக்குது, மரத்துப் போகுது, பிசையுது. உளையுது என்றால் மூட்டும் சதையும். கடுக்குது என்றால் சிறுநீரோ சீதபேதியோ பாம்புக்கடியோ. ஒவ்வொன்றும் வைத்தியருக்கு ஒவ்வொரு வழி காட்டும்.

நெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். "நெஞ்சு கரிக்குது" என்றால் புளித்த ஏப்பம், அமிலம். "நெஞ்சு படபடங்குது" என்றால் துடிப்பு கூடியிருக்கிறது, அல்லது பயம். "நெஞ்சை அடைக்குது" என்று ஐம்பத்தைந்து வயது மனிதர் வியர்த்துக்கொண்டே சொன்னால் உடனே ஈசீஜி எடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இரக்கப்பட்டு மொழிபெயர்த்தால் மூன்றும் ஒரே சொல்லாகத்தான் போய்ச் சேரும்: "பப்புவ ரிதெனவாலு". நெஞ்சு வலிக்கிறதாம். அவ்வளவுதான்.

இரண்டு மொழிகளின் பேச்சும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரமில்லை. நமக்குத் தலை சுற்றுவது போலவே அவர்களுக்கும் "ஒளுவ கரகெவெனவா". நாம் "வயித்தால போகுது" என்பதை அவர்கள் "பட யனவா", அதாவது வயிறு போகிறது என்பார்கள். ஒரே மலையில் ஒரே தண்ணீரைக் குடித்து ஒரே நோயில் விழுகிற மனிதர்களின் பேச்சு. முறையாகச் சொல்லிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் ஒரு தாதி உத்தியோகத்தர் இதில் முக்கால்வாசியைப் பழகிக்கொள்வார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பெண்களின் நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி நேராகப் பேசுவதில்லை. "முழுகாம இருக்கேன்" என்றால் கர்ப்பம். "வீட்டுக்குத் தூரம்" என்றால் மாதவிடாய். "ஒடம்பு உருகிப் போகுது" என்று ஒருத்தி சொன்னால் அவள் மெலிந்து போவதைச் சொல்லவில்லை, வெள்ளைபடுவதைச் சொல்கிறாள். இதை ஆண் சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திப் பேசச் சொன்னால் அந்தப் பெண் பேசுவாளா? "ஒண்ணுமில்லீங்க, காய்ச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். மகனைக் கூட்டி வந்த தாயும் அப்படித்தான். புருஷன் அடித்து விலா நோகிற பெண்ணுக்கு, புருஷனே மொழிபெயர்ப்பாளராக நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விழுந்துவிட்டாளாம் என்று அவன் சொன்னான். அவள் வாயே திறக்கவில்லை.

தோட்டப்புறத்தின் சுகாதாரக் கணக்குகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார அளவீட்டில் தோட்டப்புறத்துச் சிறு பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் பார்த்தால் அது ஏறத்தாழ ஆறில் ஒன்று. வறுமையும் வீடும் தண்ணீரும் இதற்குக் காரணங்கள் என்பதை நானும் அறிவேன். ஆனால் பிள்ளைக்கு என்ன ஊட்ட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு ஏன் விழுங்கக் கூடாது என்று தாய்க்கு விளக்க வேண்டியவர் குடும்பநல உத்தியோகத்தர். அவருக்கும் அந்தத் தாய்க்கும் பொது மொழி இல்லாவிட்டால் அந்த விளக்கம் நடப்பதே இல்லை. காலையில் எழுந்ததும் தேத்தண்ணீர், மலையில் தேத்தண்ணீர், வந்ததும் தேத்தண்ணீர் என்று வாழ்கிற பெண்ணுக்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு முக்கியம்!

சம்மதப் பத்திரங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தோட்டப் பெண்களிடம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திர சிகிச்சைக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்ற மனக்குறை மலையகத்தில் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. அதற்குள் அரசியல் இருந்ததா, அவசரம் இருந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் வைத்த கையெழுத்தைச் சம்மதம் என்று எந்த வைத்தியரும் மனச்சாட்சிப்படி ஏற்க முடியாது. அந்தத் தாள் தமிழில் இருந்திருந்தால், தமிழில் ஒருவர் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டியிருந்தால், அந்தச் சந்தேகத்துக்கே இடம் வந்திருக்காது. வைத்தியரையும் அது காப்பாற்றியிருக்கும்.

இப்போது அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்கு வருகிறேன். பிஸ்கட் டின் ஒன்றில் சின்னச் சின்னக் காகித உறைகள். பிரஷருக்கு, சீனி வியாதிக்கு, கொழுப்புக்கு, வயிற்றுக்கு. உறையின் மேல் நீலப் பேனாவால் சிங்களத்தில் எழுதியிருக்கும். உதே, ரே. காலை, இரவு. சிலதில் "கேமட்ட பெர", சாப்பாட்டுக்கு முன். சிலதில் "கேமட்ட பஸ்ஸே", சாப்பாட்டுக்குப் பின். சிங்களம் வாசிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான வளைவுகள்தான். நான் ஒவ்வொரு மாதமும் வந்தவுடன் உறைகளின் பின்பக்கம் சூரியனும் நிலாவும் வரைந்து வைக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் தட்டில் சோறு. எங்கள் லயத்தில் இப்போது ஆறு வீட்டுக்கு நான்தான் படம் வரைகிறேன். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், சீனி மாத்திரையைச் சாப்பிடாமல் கொள்ளாமல் இரண்டு நேரத்துக்குச் சேர்த்து விழுங்கிவிட்டு விடியற்காலையில் மயங்கிக் கிடந்தார். மகள் வாயில் சீனித் தண்ணீரைத் தடவித் தடவி எழுப்பியிருக்கிறாள். அந்த உறையை வாங்கிப் பார்த்தேன். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழி, அவ்வளவுதான்.

இந்த உறைகளை அச்சடிப்பது அரசாங்கம். காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்ற ஐந்தையும் இரண்டு மொழியிலும் படத்தோடும் அச்சடித்துவிட்டால் மருந்தாளர் பேனாவால் ஒரு சரி போட்டால் போதும். அவருக்கும் எழுதுகிற நேரம் மிச்சம். சிங்களம் வாசிக்கத் தெரியாத தமிழருக்கும், எழுத்தே தெரியாத சிங்களப் பாட்டிக்கும் ஒரே உறை உதவும்.

ஆனால் நான் உங்களிடம் முதலாவதாகக் கேட்பது உறையை இல்லை. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பதற்கென்று ஒரு பதவி வேண்டும். சம்பளத்தோடு, பயிற்சியோடு, ஆளணியில் சேர்த்த பதவி. நீதிமன்றத்தில் மாடு திருடிய வழக்குக்கும் மொழிபெயர்ப்பாளர் எழுந்து நிற்கிறார். சாட்சி சொல்வது நீதிபதிக்குச் சரியாகப் போய்ச்சேர வேண்டும் என்று அரசு அங்கே கவலைப்படுகிறது. நான் போய்வந்த ஆஸ்பத்திரி ஒன்றிலும் அப்படியொரு ஆளை ஒரு நாளும் கண்டதில்லை. அங்கே மொழிபெயர்ப்பவர் வார்ட் கூட்டுகிற அம்மாவாக இருப்பார், பக்கத்துக் கட்டில்காரராக இருப்பார், வாசலில் நிற்கும் காவலாளியாக இருப்பார், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளையாக இருக்கும். அவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். வார்ட் கூட்டுகிற அம்மாக்களின் கையைப் பிடித்துக் கும்பிடலாம். ஆனால் அந்த அம்மா அடுத்த வார்டுக்குப் போய்விட்டால் நோயாளி ஊமை. இரவு இரண்டு மணிக்கு அவர் வீட்டில் நித்திரை.

அமெரிக்காவில் மத்திய அரசின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகளுக்கு 2016இல் ஒரு விதி வந்தது. அவசர நிலை தவிர வேறெதற்கும் சின்னப் பிள்ளைகளை நோயாளிக்காக மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது அந்த விதி. அதை வாசித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன். பன்னிரண்டு வயதில் என் தோளில் ஏற்றியது என் தோளுக்குரியதே இல்லை என்று யாரோ ஒருவர் சட்டத்தில் எழுதிவைத்தது போல இருந்தது. இந்த நாட்டிலும் அப்படி ஒரு சுற்றறிக்கை உங்கள் கையெழுத்தோடு வர வேண்டும். பிள்ளையை விலக்கிவிட்டு அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்தாவிட்டால் அந்தச் சுற்றறிக்கையால் ஒரு பயனும் இல்லை. ஆகவேதான் பதவியை முதலில் கேட்கிறேன். மலையகத்து ஒவ்வொரு ஆதார வைத்தியசாலைக்கும் மாவட்ட வைத்தியசாலைக்கும் பகல் முறைக்கு இரண்டு பேர் போதும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இரவுக்கும் சின்னப் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் போதும். வைத்தியர் மேசையில் ஸ்பீக்கரைப் போட்டால் கண்டியிலோ பதுளையிலோ இருக்கும் ஒருவர் இருவருக்கும் நடுவில் பேசலாம். உயர்தரம் படித்து இரண்டு மொழியும் நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் வேலையில்லாமல் கொழும்புக் கடைகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இருக்கிற ஊழியர்களுக்கு மொழி படிப்பிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு என்பீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அந்த ஆண்டு யூலை 1க்குப் பிறகு சேர்ந்த அரச ஊழியர்கள் ஐந்து வருஷத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. நல்ல சுற்றறிக்கைதான். அந்தப் பரீட்சைக்குப் படித்த சிலருக்கு நான் தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பக் கடிதம் எழுதுவார்கள், பெயர் பலகையை வாசிப்பார்கள். "எத்தனை நாளாக வலி?" என்று கேட்கச் சொன்னால் திணறுவார்கள். தாதியருக்கும் வைத்தியருக்கும் பரீட்சை கட்டிலருகே நடக்க வேண்டும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, சாப்பிட்டீர்களா, வெளிக்குப் போனீர்களா, வேறு மருந்து குடிக்கிறீர்களா, இதைக் கேட்டுப் பதிலை விளங்கிக்கொண்டால் தேர்ச்சி. அரசகரும மொழிகள் திணைக்களத்தோடு உட்கார்ந்து பேசினால் இதைச் செய்யலாம்.

நீண்ட காலத்துக்கு மருந்து வேறிடத்தில் இருக்கிறது. மலையகத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் உயர்தர விஞ்ஞான வகுப்பு நடப்பவை மிகக் குறைவு. விஞ்ஞானம் படிக்காமல் தாதியாக வருவது கடினம், வைத்தியராக வரவே முடியாது. இது கல்வி அமைச்சின் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வார்டுகளின் வெறுமை அந்த ஆய்வுகூடமில்லாத பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது.

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. பிறகு தோட்டத்து டிஸ்பென்சரிகளில் இருந்தவர்களுக்குப் படிப்பு குறைவாக இருந்திருக்கலாம், மருந்தும் குறைவு. ஆனால் பாட்டி போய் நின்று "ஒரு மாதிரியா வருதுய்யா" என்றால் அங்கே இருந்தவருக்கு விளங்கியது. அரசாங்க வைத்தியம் எங்களுக்கு வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். ஸ்கேனும் சத்திர சிகிச்சைக் கூடமும் காசில்லாமல் கிடைக்கிற நாடு இது. அதன் வாசலில் பேச்சை இழந்துவிட்டு நிற்கிறோம் என்பதுதான் மனவருத்தம்.

வேல்ஸ் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வெல்ஷ் மொழி பேசுகிற ஏறத்தாழ எல்லோருக்கும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் 2012இல் அந்த அரசாங்கம் சுகாதாரத் துறைக்கு ஒரு வேலைத்திட்டம் கொண்டுவந்தது. நோயாளி கேட்கும்வரை காத்திராமல், ஊழியரே முந்திக்கொண்டு அவருடைய மொழியில் சேவையைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வெல்ஷ் பேசுகிற ஊழியர்கள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னம் குத்தியிருப்பார்கள். நோயாளி அதைப் பார்த்ததும் தன் மொழியில் பேச்சைத் தொடங்கலாம். முதியவர்கள், சிறு பிள்ளைகள், மனநோயாளிகள், மறதி நோய்க்காரர் இவர்களுக்கு அது முக்கியம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இது எனக்கு வீட்டுக்குள்ளேயே விளங்குகிறது. அம்மா பிற்காலத்தில் கடைகளில் பேசிப் பேசிக் கொஞ்சம் சிங்களம் பழகியிருந்தார். இரண்டு வருஷமாக மறதி. முதலில் போனது அந்தச் சிங்களம்தான். "கொஹொமத அம்மே?" (எப்படி இருக்கிறீர்கள் அம்மா?) என்று மிஸ்ஸி, அதாவது தாதி, அன்பாகக் கேட்டால், முன்பு "ஹொந்தாய்", நல்லாயிருக்கிறேன் என்று சிரிப்பார். இப்போது என் முகத்தைப் பார்க்கிறார். எங்கள் மக்கள் கேட்டு வாங்கிப் பழகாதவர்கள். "தமிழில் சொல்லுங்கள்" என்று ஒரு தொழிலாளி வைத்தியரிடம் கேட்பார் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் எங்கள் மலைக்கு வந்ததில்லை. "எனக்குத் தமிழ் தெரியும்" என்று ஊழியரின் சட்டையில் ஒரு சின்னம் இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் அட்டையில் நோயாளியின் மொழியைக் குறிக்கும் ஒரு கட்டமும் வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிருக்காது.

இதைத் தமிழருக்கான சலுகையாக நான் கேட்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மட்டுமே தெரிந்த வார்டில் படுத்திருக்கும் சிங்கள விவசாயிக்கும் இதே உரிமை வேண்டும். அவர் மனைவியும் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தித்தான் பேசிக்கொண்டிருப்பாள். மொழிபெயர்ப்பாளர் பதவியைக் கொண்டுவந்தால் நாடு முழுவதற்கும் கொண்டுவாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் இளம் சிங்கள வைத்தியர் எங்கள் பக்கத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு, "டீச்சர், இவங்க 'உளையுது' என்று சொன்னாங்களே, அது வலிக்குது இல்லையா?" என்று பாதித் தமிழில் கேட்டார். நான் விளக்கினேன். சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சிங்கள எழுத்தில் "உளையுது" என்று எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதிக்கொண்டார். அதில் ஏற்கெனவே நாற்பது, ஐம்பது சொல் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிளினிக்கிலும் இரண்டு சொல்லாவது கேட்பார். அவருடைய அறைக்கு முன்னால்தான் வரிசை நீளமாக இருக்கும். ஒரு வருஷத்தில் அவருக்கு மாற்றம் வந்தது, புத்தகமும் அவரோடு போய்விட்டது. அடுத்து வந்தவர் நல்லவர்தான், கெட்டிக்காரர்தான். அவரிடம் அந்தப் புத்தகம் இல்லை.

அவர் போன பிறகு நானே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி. இடது பக்கம் மலையகத்துப் பேச்சுத் தமிழ், அதைச் சிங்கள எழுத்திலும் எழுதியிருக்கிறேன். வலது பக்கம் சிங்கள அர்த்தம். உடம்பின் பாகங்கள், வலிகள், காய்ச்சல், வயிறு, பெண்கள் நோய், பிள்ளைப்பேறு, மனசு. பெண்கள் பகுதியை எங்கள் லயத்து மருத்துவச்சிப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். தீட்டுக்கான சிங்களச் சொல்லும் அதில் இருக்கிறது. ஒரு சிங்கள ஆசிரியை, என் தோழி, ஒவ்வொரு வரியையும் திருத்தித் தந்தார். அதன் பிரதி ஒன்றை இந்த மடலோடு தபாலில் அனுப்புகிறேன். யாருடைய அனுமதியும் கேட்காமல் அச்சடித்துக்கொள்ளலாம்.

அம்மாவின் அடுத்த கிளினிக் வரும் மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு நாங்கள் வரிசையில் நிற்போம். உங்களில் யாராவது ஒருவர் அன்று வந்து, அரை மணி நேரம் அந்த வாங்கில் எங்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
நுவரெலியா மாவட்டம்